இடைவினைக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளைத் திறந்து, இரண்டு காரணிகளை இரண்டிரண்டு நிலைகளில் ஒப்பிடும் 2×2 அனோவாவைத் தேர்ந்தெடுத்து, எஃப் (விளைவின் அளவு) 0.25, ஆல்ஃபா (இல்லாத விளைவை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (உள்ள விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80 என்று கொடுத்தால் 128 பேர் வேண்டும் என்று விடை வரும். ஒரு காரணியின் சராசரி விளைவான முதன்மை விளைவுக்குக் கேட்டாலும் 128தான். ஒரு காரணியின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது, அதாவது இன்டராக்ஷன் எனப்படும் இடைவினைக்குக் கேட்டாலும் 128தான். இதைப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே சாம்பிள் போதும் என்று ஆய்வு முன்மொழிவில் எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். மென்பொருள் கணக்கில் தப்பில்லை. நாம் கொடுத்த 0.25 இரண்டு இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை, அவ்வளவுதான்.

முதன்மை விளைவில் எஃப் 0.25 என்றால் இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே அரைத் திட்ட விலக்கம் (ஆட்களின் அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வித்தியாசம். நடைமுறையில் நாம் பார்க்கக்கூடிய அளவு அது. இடைவினையில் அதே 0.25 என்றால், வித்தியாசங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம் ஒரு முழுத் திட்ட விலக்கம். அதாவது ஒரு சிகிச்சை ஆண்களுக்கு ஒரு முழுத் திட்ட விலக்கம் பலன் தர வேண்டும், பெண்களுக்குத் துளியும் தரக்கூடாது. அல்லது ஆண்களுக்கு அரை விலக்கம் நன்மை, பெண்களுக்கு அதே அளவு கெடுதல். உங்கள் துறையில் அப்படி ஒன்றைக் கண்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் பதில் இல்லை என்பதுதான். 'நடுத்தர விளைவு' என்ற பெயரில் அசாதாரணமான ஒன்றை எதிர்பார்த்துவிட்டு, அது கிடைக்காதபோது "இடைவினை இல்லை" என்று முடிவு எழுதுகிறோம்.

ஆகவே முதல் வேலை மென்பொருளைத் திறப்பது அல்ல. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் சராசரியை அந்த அளவீட்டின் சொந்த அலகிலேயே எழுதுவதுதான். ரத்த அழுத்தம் என்றால் மி.மீ. பாதரசத்தில், மகசூல் என்றால் கிலோவில், தேர்வு என்றால் மதிப்பெண்ணில். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சராசரியிலிருந்து மற்றதைக் கழியுங்கள். வந்த இரண்டு விடைகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். அந்த ஒற்றை எண்ணைத்தான் நீங்கள் மதிப்பிடப் போகிறீர்கள். அதைத் துறை தெரிந்த ஒருவரிடம் காட்டி "இவ்வளவு இருக்குமா?" என்று கேட்கலாம். எஃப்-இன் வர்க்கமான எஃப்-ஸ்கொயரைக் காட்டி அப்படிக் கேட்க முடியாது.

திட்டப்பிழை எப்படி இரட்டிக்கிறது

400 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 பேருக்குச் சிகிச்சை, 200 பேர் ஒப்பீட்டுக் குழு. திட்ட விலக்கம் 1. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை (நம் மதிப்பீடு உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளாடும் என்பதன் அளவு) √(1/200 + 1/200) = 0.1. இப்போது இதே 400 பேரில் பாதி ஆண், பாதி பெண் என்று பிரித்தால் கட்டத்துக்கு 100 பேர். இடைவினை என்பது நான்கு சராசரிகளைக் கூட்டிக் கழித்து வருவது. நான்கின் பிழையும் வந்து சேர்கிறது: √(4/100) = 0.2. ஆட்கள் அதே 400 பேர்தான், பிழை மட்டும் இரண்டு மடங்கு.

பொதுவாகச் சொன்னால், சமமாகப் பிரிந்த குழுக்களில் முதன்மை விளைவின் திட்டப்பிழை 2 × திட்ட விலக்கம் ÷ √மொத்த எண்ணிக்கை. இடைவினைக்கு அந்த 2 இருந்த இடத்தில் 4 வரும். 80 சதவீத பவர் வேண்டுமென்றால் உண்மை விளைவு திட்டப்பிழையைப் போல் 2.8 மடங்கு இருக்க வேண்டும் (1.96 + 0.84). 90 சதவீதத்துக்கு 3.24. மிச்சம் வெறும் கைக்கணக்கு.

ஒரு குழுவில் சிகிச்சையின் பலன் 0.5 திட்ட விலக்கம் என்று முந்தைய ஆய்வில் தெரிந்திருக்கிறது. அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது (2 × 2.8 ÷ 0.5) இன் வர்க்கம், அதாவது 126 பேர் (கைக்கணக்கு தோராயமானது என்பதால் மென்பொருளின் 128க்குச் சற்றுக் குறைவு). இப்போது இரண்டாவது குழுவையும் சேர்த்து, பலன் இரண்டிலும் வேறுபடுகிறதா என்று பார்க்கப் போகிறோம். இரண்டாவது குழுவில் பலன் அப்படியே தலைகீழாகி −0.5 ஆனால் இடைவினை 1.0, மொத்தம் 126 பேரே போதும். பலன் முற்றிலும் மறைந்து பூஜ்யமானால் இடைவினை 0.5, 502 பேர். பாதியாகக் குறைந்து 0.25 ஆனால் 2,007 பேர். 0.35 என்று ஓரளவே குறைந்தால் இடைவினை 0.15, 5,575 பேர்.

இதில் மூன்றாவதுதான் நடைமுறையில் அதிகம் வருவது. பலன் எல்லோருக்கும் உண்டு, சிலருக்குக் கொஞ்சம் குறைவு என்பதுதான் பொதுவான நிலைமை. கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2018-இல் 16 மடங்கு சாம்பிள் வேண்டும் என்று எழுதியது இந்தக் கணக்கைத்தான்: பிழை இரட்டிப்பு, விளைவு பாதி, இரண்டும் சேர்ந்து 4, அதன் வர்க்கம் 16. ஆனால் 16 என்பதை மந்திரம்போல் பிடித்துக்கொள்ளக் கூடாது. இடைவினை முதன்மை விளைவில் பாதி என்ற அனுமானத்திலிருந்து வந்த எண் அது. உங்கள் நான்கு கட்டத்தில் வேறு விகிதம் இருந்தால் மடங்கும் வேறாகும்.

முதன்மை விளைவுக்கு 80 சதவீத பவருடன் திட்டமிட்ட ஆய்வில், அதில் பாதி அளவுள்ள இடைவினையைத் தேடினால் பவர் ஏறக்குறைய 11 சதவீதம். இடைவினை முதன்மை விளைவின் அளவுக்கே இருந்தால்கூட 29 சதவீதம்தான். பவர் குறைவு என்றால் கண்டுபிடிக்கத் தவறுவோம், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மோசமானது கண்டுபிடித்துவிட்டால் நடப்பது. 11 சதவீத பவரில் உண்மை இடைவினை திட்டப்பிழையில் 0.7 மடங்கு. சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது) ஆக வேண்டுமானால் மதிப்பீடு குறைந்தது 1.96 மடங்கைத் தொட வேண்டும். ஆக, சிக்னிஃபிகன்ட் என்று வந்த ஒவ்வொரு மதிப்பீடும் உண்மையைப் போல் 2.8 மடங்காவது ஊதியிருக்கும். சராசரியாகப் பார்த்தால் மூன்றரை மடங்கு. அந்த ஊதிய எண்ணை எடுத்து அடுத்த ஆய்வுக்குச் சாம்பிள் கணக்குப் போட்டால் தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். அடுத்த ஆய்வு தோற்கும். "முடிவு திரும்பக் கிடைக்கவில்லை" என்ற பேச்சு எழும். முதல் ஆய்வைத் திட்டமிட்ட அன்றே விதைத்தது அது.

இரண்டு குழுக்களைத் தனித்தனியாகச் சோதித்து, ஒன்றில் சிக்னிஃபிகன்ட், மற்றதில் இல்லை, ஆகவே வேறுபாடு உண்டு என்று சொல்வது இன்னொரு பழைய பிழை. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆஸ்பிரினைச் சோதித்தது. மருந்து உயிரிழப்பைத் தெளிவாகக் குறைத்தது. துணைக்குழுப் பகுப்பாய்வின் ஆபத்தைக் காட்டுவதற்காகவே ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களிடம் ஆஸ்பிரின் சற்றே கெடுதல் செய்ததுபோலவும், மற்ற ராசிகளில் இறப்பை 28 சதவீதம் குறைத்ததுபோலவும் எண்கள் வந்தன. பதினேழாயிரம் பேர் இருந்தும் துணைக்குழு இப்படி ஏமாற்றுகிறது. சில நூறு பேரை வைத்துக்கொண்டு நான்கு மாடரேட்டர்களை (விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மாறிகளை) தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களைக் கூட்டும் முன் வடிவமைப்பைப் பாருங்கள்

உண்மையான ஓர் இடைவினையை எடுத்துப் பார்ப்போம். 2001-இல் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வு, உணவில் உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கும், அந்த இறக்கம் சாதாரண அமெரிக்க உணவு உண்பவர்களுக்கும், பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த டாஷ் உணவு உண்பவர்களுக்கும் வேறுபடுமா என்று பார்த்தது. அதிக உப்பிலிருந்து குறைந்த உப்புக்கு மாறியபோது மேல் அழுத்தம் சாதாரண உணவில் 6.7 மி.மீ., டாஷ் உணவில் 3.0 மி.மீ. இறங்கியது. இடைவினை 3.7 மி.மீ. ஆய்வில் இருந்தவர்கள் 412 பேர்.

இதை நான்கு தனித்தனிக் குழுக்களாக, ஆளுக்கு ஒரே ஒரு உணவு, ஒரே ஒரு உப்பு அளவு என்று திட்டமிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்ட விலக்கத்தை 10 மி.மீ. என்று நான் வைத்துக்கொள்கிறேன். (4 × 2.8 × 10 ÷ 3.7) இன் வர்க்கம்: ஏறக்குறைய 916 பேர். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. உணவு முறையை ஆளுக்கு ஒன்றாகக் குலுக்கிக் கொடுத்தார்கள். உப்பு அளவை மட்டும் கிராஸ்ஓவராக வைத்தார்கள்: ஒவ்வொருவரும் மூன்று உப்பு அளவிலும் 30 நாள் வீதம், வரிசை குலுக்கலில். இதனால் உப்பின் விளைவு ஒரே ஆளின் உடம்புக்குள்ளேயே அளக்கப்படுகிறது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துபோகிறது. ஒரே ஆளின் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.7 என்று வைத்தால், அவருடைய மாற்றத்தின் திட்ட விலக்கம் 10 × √(2 × 0.3) = 7.75. இடைவினை இப்போது இரண்டு உணவுக் குழுக்களின் சராசரி மாற்றங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம். 4 இருந்த இடத்தில் 2 வந்துவிடுகிறது. (2 × 2.8 × 7.75 ÷ 3.7) இன் வர்க்கம், 138 பேர்.

916 எங்கே, 138 எங்கே. கேள்வி அதேதான். எந்தக் காரணியை ஆட்களுக்குள் வைக்கலாம், எதை ஆட்களுக்கு இடையில் வைத்தாக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்ததன் பலன் இது. எல்லாவற்றையும் கிராஸ்ஓவர் செய்ய முடியாது. ஒருமுறை கற்பித்த பாடத்தைத் திரும்ப எடுத்துவிட முடியாது, அறுவை சிகிச்சையைப் பின்வாங்க முடியாது. முந்தைய கட்டத்தின் விளைவு அடுத்ததில் எச்சமாக நின்றால் கணக்கே கெடும். அப்படிப்பட்ட இடங்களில் அடுத்த நல்ல வழி, தலையீட்டுக்கு முன்பே அதே அளவீட்டை ஒருமுறை எடுத்து ரிக்ரஷனில் (பல மாறிகளை வைத்து விளைவைக் கணிக்கும் சமன்பாட்டில்) சேர்ப்பது. முன் அளவீடும் பின் அளவீடும் 0.7 ஒட்டுறவு கொண்டவை என்றால், எச்சப் பரவற்படி (விளக்கப்படாமல் மிஞ்சும் சிதறல், திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில்) 1 − 0.49 = 0.51 ஆகிறது. 916 பேர் தேவைப்பட்ட இடத்தில் 467 பேர் போதும். ஒரு கூடுதல் அளவீட்டுக்கான செலவு, 449 ஆட்களைச் சேர்க்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கட்டங்கள் சமமில்லாதபோது எது கணக்கைக் கெடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திட்டப்பிழையின் சூத்திரம் எளிது: திட்ட விலக்கம் × √(நான்கு கட்டங்களின் தலைகீழ் எண்ணிக்கைகளின் கூட்டல்). 1,000 பேரில் 20 சதவீதம் மட்டும் நீரிழிவு உள்ளவர்கள் என்றால் கட்டங்கள் 400, 400, 100, 100. கூட்டல் 0.025. எல்லாம் 250 ஆக இருந்திருந்தால் 0.016. ஆகவே 1.56 மடங்கு ஆட்கள் தேவை. நீரிழிவு உள்ளவர்கள் 10 சதவீதமே என்றால் 2.78 மடங்கு. அந்த 10 சதவீதத்தோடு, குலுக்கல் இல்லாத கள ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களும் 20 சதவீதம்தான் என்றால் 4.34 மடங்கு. எப்போதும் மிகச் சிறிய கட்டம்தான் பிழையை ஆள்கிறது. பெரிய கட்டத்தில் இன்னும் ஆயிரம் பேரைக் கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆகவே ஆட்களைச் சேர்க்கும்போதே சிறிய குழுவிலிருந்து அதிகம் எடுங்கள். பிறகு மக்கள்தொகை முழுவதற்குமான சராசரி பலனைச் சொல்லும்போது எடையிட்டுச் சொன்னால் போதும்.

மாடரேட்டர் தொடர்ச்சியான எண்ணாக இருந்தால்

வயது, வருமானம், மன அழுத்த மதிப்பெண் போன்றவை தொடர்ச்சியான எண்கள். இரண்டு தொடர்மாறிகளின் பெருக்கலை ரிக்ரஷனில் சேர்க்கிறோம். அந்தப் பெருக்கல் மாறியில், மற்ற மாறிகளால் விளக்கப்படாத மிச்சப் பரவல் எவ்வளவு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இரண்டு மாறிகளும் −1 முதல் +1 வரை ஓடக்கூடியவை, ஒன்றோடொன்று ஒட்டுறவு இல்லாதவை என்று வைப்போம். எல்லோரும் நான்கு மூலைகளில் மட்டும் இருந்தால் பெருக்கலின் பரவற்படி 1. எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1/3, பெருக்கலுக்கு 1/9. மணி வடிவில் நடுவில் குவிந்து, ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 0.5 ஆக இருந்தால் 1/16. அதாவது அதே கெழுவை (ரிக்ரஷன் சமன்பாட்டில் மாறியைப் பெருக்கும் எண்) அதே துல்லியத்தில் மதிப்பிட, சோதனைக்கூடத்தில் மூலைகளில் வைத்து 100 பேரில் செய்ததைக் களத்தில் செய்ய 1,600 பேர் வேண்டும். சோதனைகளில் எளிதாகத் தென்படும் இடைவினைகள் சர்வே தரவில் காணாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். மெக்லெலண்டும் ஜட்டும் 1993-இல் இதை விரிவாக எழுதினார்கள். கருத்து புதிதல்ல, ஆனாலும் திட்டமிடும் மேசைக்கு வருவது அபூர்வம்.

மூலைகளிலிருந்து வேண்டுமென்றே ஆட்களைத் தேர்ந்தெடுப்பது இதற்கு ஒரு மருந்து. ஆனால் நடுவில் யாருமே இல்லாவிட்டால் உறவு நேர்கோடா வளைவா என்று பார்க்க வழியில்லை. நடுவிலும் ஒரு பங்கு ஆட்களை விட்டுவைப்பது நல்லது.

இங்கே பலர் செய்யும் எதிர்மறையான காரியம், தொடர்மாறியை நடுவெண்ணில் வெட்டி 'உயர்', 'தாழ்' என்று இரண்டாக்குவது. விளக்குவதற்கு எளிது என்பார்கள். ஒரு மாறியை வெட்டினால் தகவலில் 64 சதவீதமே மிஞ்சும். இரண்டையும் வெட்டினால் 40 சதவீதம். நீங்கள் 1,000 பேரிடம் தரவு எடுத்து, 600 பேருடைய தாள்களைக் குப்பையில் போட்டதற்குச் சமம் அது. படம் போட்டுக் காட்ட வேண்டுமானால் மாடலைத் தொடர்மாறியிலேயே பொருத்திவிட்டு, மூன்று மதிப்புகளில் கோடு வரைந்து காட்டுங்கள்.

அளவீட்டுப் பிழை இன்னும் கொடியது, கண்ணுக்கும் தெரியாது. இரண்டு கேள்வித்தாள்களின் நம்பகத்தன்மையும் (மதிப்பெண்களின் சிதறலில் உண்மையான வேறுபாட்டின் பங்கு) 0.7 என்றால் பரவாயில்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒட்டுறவு இல்லாத இரண்டு மாறிகளைப் பெருக்கினால் நம்பகத்தன்மைகளும் பெருகும்: 0.7 × 0.7 = 0.49. பெருக்கல் மாறியில் பாதிக்கு மேல் இரைச்சல். விளைவு மாறியின் நம்பகத்தன்மை 0.8 என்றால் ஆர்-ஸ்கொயரில் (மாடல் விளக்கும் சிதறலின் பங்கில்) கிடைக்கவேண்டிய கூடுதல் 0.39 பங்காகச் சுருங்கும். ஆட்கள் இரண்டரை மடங்கு வேண்டும். கேள்வித்தாளை நீட்டி நம்பகத்தன்மையை 0.7 இலிருந்து 0.85க்கு உயர்த்தினால் 0.49 என்பது 0.72 ஆகிவிடும். ஐந்து கேள்விகளை மிச்சப்படுத்துவதற்காகக் குறுகிய கேள்வித்தாளை எடுத்துவிட்டு, பிறகு ஐந்நூறு பேரைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

தொடர்மாறிகளுக்கு எஃப்-ஸ்கொயர் வழியாகக் கணக்கிடுவது வழக்கம். ஏறக்குறைய 7.85-ஐ எஃப்-ஸ்கொயரால் வகுத்தால் 80 சதவீத பவருக்கான எண்ணிக்கை வரும். பாடநூல்களில் 'சிறியது' என்று சொல்லப்படும் 0.02க்கு சுமார் 393 பேர். அகினிஸும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், நிர்வாகவியல், தொழில்சார் உளவியல் இதழ்களில் முப்பது ஆண்டுகளில் வந்த வகைமாறி (ஆண், பெண் போல வகையாகப் பிரியும் மாறி) மாடரேட்டர் ஆய்வுகளின் நடுவெண் எஃப்-ஸ்கொயர் 0.002. அதற்கு 3,925 பேர் வேண்டும். 'சிறியது' என்ற சொல்லை நம்பி 400 பேரோடு இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

இரண்டு மாறிகளும் ஒட்டுறவு கொண்டவை என்றால் இன்னொரு சிக்கல். உண்மையில் ஒரு மாறிக்கு வளைவான விளைவு இருந்து, அதன் வர்க்கத்தை மாடலில் சேர்க்காமல் விட்டால், பெருக்கல் மாறி அந்த வளைவைத் தன் தலையில் சுமந்துகொண்டு போலி இடைவினையாகத் தோன்றும். அதைத் தடுக்க இரண்டு வர்க்கங்களையும் சேர்க்கச் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒட்டுறவு 0.5, இரண்டும் இயல்நிலைப் பரவல் என்றால், வர்க்கங்களைச் சேர்த்த பிறகு பெருக்கல் மாறியில் மிஞ்சும் பரவற்படி 1.25 இலிருந்து 0.45 ஆகக் குறைகிறது. 2.8 மடங்கு ஆட்கள். விமர்சகர் கேட்ட பிறகு வர்க்கங்களைச் சேர்த்துவிட்டு "இடைவினை மறைந்துவிட்டது" என்று வருந்துவதைவிட, திட்டமிடும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது மேல்.

சராசரியைக் கழித்து மாறிகளை மையப்படுத்தினால் பவர் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கூடாது. இடைவினைக் கெழு, அதன் திட்டப்பிழை, பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய முடிவு வரும் வாய்ப்பு) எல்லாம் அப்படியே இருக்கும். மற்ற கெழுக்களுக்குப் புரியும்படி பொருள் கிடைக்கும் என்பதற்காக மையப்படுத்தலாம்.

குறியீட்டு முறை மட்டும் உண்மையிலேயே ஆளைக் கவிழ்க்கும். வகைமாறிகளை 0, 1 என்றோ −0.5, +0.5 என்றோ குறித்தால் இடைவினைக் கெழுவே வித்தியாசங்களின் வித்தியாசம். −1, +1 என்று குறித்தால் கெழு அதில் நாலில் ஒரு பங்கு. முந்தைய ஆய்வுக்கட்டுரை ஒன்றில் −1, +1 முறையில் வந்த 0.25-ஐ எடுத்து 0, 1 முறைச் சூத்திரத்தில் போட்டால் விளைவு நான்கு மடங்கு குறைந்துவிடும், தேவை 16 மடங்கு கூடும். தலைகீழாகச் செய்தால் 16 மடங்கு குறைவான ஆட்களோடு இறங்குவீர்கள். கெழுவைக் கடன் வாங்கும் முன் குறியீட்டைப் பாருங்கள். தெரியாவிட்டால் நான்கு கட்டச் சராசரிகளிலிருந்து நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

ஆம், இல்லை என்ற விளைவுகள்

ஆம், இல்லை என்ற விளைவுகளுக்கான லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் எண்ணிக்கையை நிர்ணயிப்பது ஆட்கள் அல்ல, நிகழ்வுகள். நிகழ்வு 10 சதவீதம், நான்கு சமக் கட்டங்கள், ஆட்ஸ் விகிதம் (நிகழும் வாய்ப்புக்கும் நிகழாத வாய்ப்புக்கும் உள்ள விகிதம் சிகிச்சையால் எத்தனை மடங்காகிறது என்பது) ஒரு குழுவில் மற்றதைப் போல் 1.5 மடங்கு. லாக் அளவில் 0.405. ஒவ்வொரு கட்டத்தின் பங்களிப்பும் 1 ÷ (எண்ணிக்கை × 0.1 × 0.9). நான்கையும் கூட்டி 7.85 ஆல் பெருக்கி 0.405 இன் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 8,500 பேர். இதே 1.5 முதன்மை விளைவாக இருந்தால் 2,120 போதும்.

எந்த அளவுகோலில் இடைவினை என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 10,000 ரூபாய் வருமானம் 12,000 ஆகிறது, 50,000 ரூபாய் 60,000 ஆகிறது. ரூபாயில் பார்த்தால் 2,000க்கும் 10,000க்கும் பெரிய இடைவினை. லாக்கில் பார்த்தால் இரண்டும் 20 சதவீதம், இடைவினை இல்லை. இரண்டுமே சரி. ஆய்வின் கேள்வி ரூபாயைப் பற்றியதா, விகிதத்தைப் பற்றியதா என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். தரவு வந்த பிறகு இரண்டையும் முயன்று நல்லதாக வந்ததை எடுக்கக் கூடாது.

சிமுலேஷன்

மேலே உள்ள கைக்கணக்கு முதல் மதிப்பீட்டுக்குப் போதும். கடைசி எண்ணைச் சிமுலேஷனில், அதாவது கற்பனைத் தரவைக் கணினியில் பலமுறை உருவாக்கிப் பார்த்து, சரிபார்ப்பதே பாதுகாப்பு. ஆர் நிரல்மொழியில் இருபது முப்பது வரி போதும். கட்டங்களின் உண்மையான விகிதத்தில் ஆட்களை உருவாக்குங்கள். தாளில் எழுதிய சராசரிகளைக் கொடுங்கள். அளவீட்டுப் பிழையை மாறிகளின் மேல் தனியாகச் சேருங்கள். மாடலுக்குப் பிழை சேர்ந்த மாறியைத்தான் கொடுக்க வேண்டும், உண்மை மாறியை அல்ல. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பள்ளி, கிராமம் போன்ற கொத்துகள் இருந்தால் கொத்துக்கு ஒரு சீரற்ற எண்ணையும் சேருங்கள். விட்டுப்போகிறவர்களை நீக்குங்கள். பிறகு, ஆய்வில் பயன்படுத்தப்போகும் அதே மாடலைப் பொருத்தி, மதிப்பீட்டையும் திட்டப்பிழையையும் சேமித்துவையுங்கள்.

முதலில் இடைவினையைப் பூஜ்யமாக வைத்து ஓட்டுங்கள். 5 சதவீதத்துக்கு அருகில் சிக்னிஃபிகன்ட் வரவேண்டும். 9 என்று வந்தால் நிரலிலோ மாடலிலோ கோளாறு. கொத்துகளை மாடல் கண்டுகொள்ளவில்லை என்பது வழக்கமான காரணம். அது சரியான பிறகு உண்மை மதிப்பைக் கொடுங்கள். 1,000 முறை ஓட்டினால் 80 சதவீத பவரின் மதிப்பீடு இரண்டரைப் புள்ளி மேலும் கீழும் ஆடும். 5,000 முறை என்றால் ஒரு புள்ளிக்குச் சற்று மேல். பவரோடு நிறுத்தாமல், சிக்னிஃபிகன்ட் ஆனவற்றின் சராசரி உண்மையைவிட எத்தனை மடங்கு ஊதியிருக்கிறது என்பதையும் அச்சிடுங்கள். ஆய்வு வழிகாட்டிகளிடம் பவரைவிட இந்த எண்தான் வேலை செய்யும்.

மாடரேட்டர்கள் ஒன்றுக்கு மேல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்தை ஒவ்வொன்றாகச் சோதித்தால், எதிலும் உண்மை இல்லாவிட்டாலும் ஒன்றாவது சிக்னிஃபிகன்ட் ஆக ஏறக்குறைய 23 சதவீத வாய்ப்பு. ஆல்ஃபாவை 0.01 ஆக்கினால் 1.5 மடங்கு ஆட்கள். ஒன்றை முதன்மையாக அறிவித்து, மற்ற நான்கையும் ஆராய்ச்சிக் குறிப்பாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கணக்கெல்லாம் போட்ட பிறகு 2,000 வேண்டும், கையில் 300தான் முடியும் என்று நின்றால்? இடைவினையைச் சோதிப்பதாகச் சொல்லாதீர்கள். 300 பேரில் இடைவினையின் 95 சதவீத நம்பக இடைவெளி இரு பக்கமும் 0.45 திட்ட விலக்கம் அகலம் இருக்கும். அந்த எண்ணை முன்மொழிவிலேயே எழுதுங்கள்: "இந்த ஆய்வு முதன்மை விளைவுக்கானது, இடைவினையின் மதிப்பீட்டை இடைவெளியோடு தருவோம், உண்டு இல்லை என்று முடிவு சொல்லமாட்டோம்." நான்கு கட்டங்களின் சராசரி, திட்ட விலக்கம், எண்ணிக்கை மூன்றையும் அட்டவணையில் கொடுங்கள். இதே கேள்வியை இன்னும் ஆறேழு குழுக்கள் இதேபோல் 300 பேரில் செய்தால், அந்த அட்டவணைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட முடியும். பி மதிப்பை மட்டும் கொடுத்துவிட்டால் சேர்க்க எதுவும் இருக்காது.